கீழாநெல்லி ‘ஆய்வில் நிரூபணம்’ ஆனதா? மூலிகைகளை ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்

கேள்வி இதுதான்: அண்ணனுக்கு ஹெபடைடிஸ் பி, பல மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். கீழாநெல்லி அந்த வைரஸை அழிக்கும் என்று ஆய்வகத்திலேயே நிரூபித்துவிட்டார்கள், மாத்திரையை விட்டுவிட்டு அதைச் சாப்பிடு என்று உறவினர்கள் சொல்கிறார்கள். மூலிகைகளை ஆய்வகத்தில் உண்மையில் எப்படிச் சோதிக்கிறார்கள், அந்த முடிவுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்த வேண்டாம். டெனோஃபோவிர், என்டகாவிர் போன்ற மருந்துகளைத் திடீரென்று விட்டால், அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி பெருகி, கல்லீரல் அழற்சி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும். மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடாதீர்கள். மீதியை நிதானமாகப் பேசுவோம்.

உங்கள் உறவினர்கள் பொய் சொல்லவில்லை. கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி வைரஸ் மேல் சோதித்தார்கள், ஆய்வகத்தில் நல்ல முடிவு வந்தது, உலகின் மிக மதிப்பான மருத்துவ இதழ் ஒன்றில் அதன் மனிதச் சோதனையும் வெளிவந்தது, எல்லாமே உண்மை. நான் தாவர மருந்து ஆய்வகங்களில் பல வருடம் வேலை பார்த்தவன். இலையை உலர்த்திப் பொடிப்பதிலிருந்து எலிக்கு மருந்து புகட்டுவது வரை என் கையால் செய்திருக்கிறேன். என் அனுபவத்தில், ‘ஆய்வில் நிரூபணம்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எந்தச் செடி, அதிலிருந்து எடுத்த எந்தச் சாரம், எவ்வளவு அளவு, எதன் மேல் போட்டுப் பார்த்தார்கள் என்று கேட்காமல் விட்டால் அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது. ஆய்வக முடிவு ஒவ்வொன்றும் மிகக் குறுகலான ஒரு கேள்விக்குக் கிடைத்த பதில். ‘இந்தச் செடி நோயைத் தீர்க்குமா’ என்ற பெரிய கேள்விக்கு அது பதில் ஆகாது. அதற்குப் போகும் வழியில் ஒரு படி, அவ்வளவுதான்.

செடியிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் பாதிக் கோளாறு அங்கேயே நடந்துவிடுகிறது. கீழாநெல்லி என்று நாம் சொல்வதற்கு அறிவியல் பெயர் ஃபிலாந்தஸ் அமாரஸ். ஆனால் பழைய ஆய்வுகள் பலவற்றில் அதை ஃபிலாந்தஸ் நிரூரி என்று எழுதியிருப்பார்கள். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. இங்கே அந்தப் பெயரில் எழுதப்பட்டவை பெரும்பாலும் அமாரஸ், ஃப்ரடெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களில் ஏதோ ஒன்று. மூன்றுமே சின்னச் செடி, இலைக்குக் கீழே வரிசையாகக் காய், பார்வைக்கு ஒரே மாதிரி. உள்ளே இருக்கும் வேதிப்பொருள் வேறு வேறு. ஒரே இனத்திலேயேகூட எந்த மண்ணில் வளர்ந்தது, எந்த மாதத்தில் பறித்தது, நிழலில் காய்ந்ததா வெயிலில் காய்ந்ததா என்பதைப் பொறுத்து ஃபிலாந்தின், ஜெரானின் போன்ற பொருள்களின் அளவு ஏறி இறங்கும். அதனால்தான் ஒழுங்கான ஆய்வு என்றால், சோதித்த செடியின் ஒரு கிளையைப் பூவும் காயுமாகத் தாளில் அழுத்திக் காயவைத்து, எண் போட்டு, ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்தில் வைத்திருப்பார்கள். பத்து வருடம் கழித்துச் சந்தேகம் வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம். அந்த எண் இல்லாத கட்டுரையை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. கடுமையாகத் தெரியலாம், ஆனால் எந்தச் செடி என்றே உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு முடிவை வைத்துக்கொண்டு யாரும் எதையும் செய்ய முடியாது.

அடுத்தது சாரம் எடுப்பது. ஆய்வகத்தில் எக்ஸ்ட்ராக்ட் என்றுதான் பேசிக்கொள்வோம். மரபு மருத்துவத்தில் கஷாயமாகவோ, அரைத்த விழுதாகவோ, சூரணமாகவோ கொடுப்பார்கள். ஆய்வகத்தில் என்ன செய்கிறோம்? பொடியை மெத்தனால் என்ற ஒரு வகை ஆல்கஹாலில் மணிக்கணக்கில் சூடாக்கி, கரைப்பானை ஆவியாக்கி, அடியில் பிசுபிசுப்பாக நிற்பதை எடுத்துச் சோதிக்கிறோம். தண்ணீரில் இறங்கும் பொருளும் மெத்தனாலில் இறங்கும் பொருளும் ஒன்றல்ல. ஆக, மெத்தனால் சாரத்தில் ஒரு குணம் தெரிந்தால் கஷாயத்திலும் அது இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. சாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கஷாயம் வீண் என்றும் சொல்ல முடியாது.

இந்தப் படி எவ்வளவு முக்கியம் என்பதற்கு மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1967-இல் சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்று தொடங்கியது. அதில் சேர்ந்த தூ யூயூ என்ற ஆய்வாளர் பழைய மருத்துவக் குறிப்புகளில் இரண்டாயிரத்துக்கும் மேல் திரட்டி, சுமார் 200 மூலிகைகளிலிருந்து 380 சாரங்கள் எடுத்து எலிகளில் சோதித்துப் பார்த்தார். சிங்ஹாவ் என்ற செடி ஒரு தடவை நன்றாக வேலை செய்தது, மறுபடி செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. வேறு யாராவது இருந்தால் அந்தச் செடியை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். அவர் திரும்பப் பழைய ஏடுகளுக்கே போனார். 4-ஆம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய குறிப்பில், அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கச் சொல்லியிருந்தது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. சுமார் 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரில் சாரம் எடுத்தார். 1971 அக்டோபர் 4 அன்று 191-ஆம் எண் சாரம், மலேரியா தொற்றிய எலிகளில் கிருமியை முழுக்க ஒழித்தது. மறுவருடம் அவரும் உடன் வேலை செய்தவர்களும் முதலில் தாங்களே அதைச் சாப்பிட்டுப் பாதுகாப்பைச் சோதித்துக்கொண்டு, அப்புறம்தான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2015-இல் நோபல் பரிசு. மரபு அறிவை மதிப்பது என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். ஏட்டில் உள்ள செய்முறையின் ஒவ்வொரு சொல்லையும் தகவலாக எடுத்துக்கொண்டு சோதித்துப் பார்த்தார் அவர்.

சரி, சாரம் கையில் வந்துவிட்டது. இனி சோதனைக் குழாய். செய்திகளில் நீங்கள் பார்க்கும் மூலிகை ஆய்வுகளில் பெரும்பங்கு இந்த இடத்திலேயே நின்றுபோனவை. ‘ஆன்டி ஆக்சிடன்ட் குணம் உண்டு’ என்று வரும் செய்திக்குப் பின்னால் அனேகமாக டிபிபிஎச் சோதனை இருக்கும். அது ஓர் ஊதா நிறத் திரவம். சாரத்தை விட்டால் நிறம் வெளுத்து மஞ்சளாகும், எவ்வளவு வெளுத்தது என்று 517 நானோமீட்டர் ஒளியில் அளந்து எண்ணாகச் சொல்வார்கள். பச்சை இலை எதை எடுத்தாலும் அனேகமாக இதில் தேறிவிடும். அதில் செல்லும் இல்லை, உயிரும் இல்லை, ஒரு வேதிவினை மட்டும்தான். நோய் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை.

பாக்டீரியாவுக்கு எதிரான சோதனையும் அப்படித்தான். பெட்ரி தட்டில் கிருமியைப் பரப்பி, சாரத்தில் நனைத்த சின்னக் காகித வில்லையை வைத்தால், சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். படம் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வட்டத்தின் அகலம் சாரம் எவ்வளவு தூரம் பரவியது என்பதையும் பொறுத்தது, வில்லையில் கரைப்பான் மிச்சம் இருந்தால் அதுவே கிருமியைக் கொல்லும். கிருமியை நிறுத்தக் குறைந்தபட்சம் எவ்வளவு சாரம் தேவைப்பட்டது என்ற எண்ணைத் தேடுங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் தேவைப்பட்டது என்றால் மருந்தாக அதற்கு வழி இல்லை, அத்தனை சாரத்தை ரத்தத்தில் ஏற்ற முடியாது.

செல்களில் செய்யும் சோதனை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நான் தவறு செய்திருக்கிறேன். உயிரோடு இருக்கும் செல்களை எண்ண எம்டிடி என்ற மஞ்சள் சாயம் பயன்படுகிறது. 96 குழிகள் கொண்ட தட்டில் செல்களை வளர்த்து, மருந்து போட்டு, கடைசியில் சாயத்தை விட்டால், உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். ஊதா அதிகம் என்றால் உயிர் அதிகம். ஓர் இலைச் சாரம் நஞ்சிலிருந்து கல்லீரல் செல்களைக் காப்பாற்றுகிறதா என்று இந்த முறையில் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு அபாரமாக வந்தது. சாரம் கூடக் கூட ஊதாவும் கூடியது, வரைபடம் அவ்வளவு ஒழுங்காக ஏறியது. மூன்று மாதம் அதிலேயே கிடந்தேன். ஒருநாள் சாயம் விடுவதற்கு முன் நுண்ணோக்கியில் தட்டைப் பார்த்தால், செல்கள் செத்து மிதந்துகொண்டிருக்கின்றன. எங்கள் ஆய்வகத்தில் மூத்தவர் ஒருவர், செல்லே இல்லாத குழியில் வெறும் சாரத்தையும் சாயத்தையும் போட்டுப் பாருங்கள் என்றார். போட்டோம். ஊதாவாகிவிட்டது. அந்தச் செடியில் இருந்த பாலிபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் செல்லின் உதவி இல்லாமலே சாயத்தை மாற்றிக்கொண்டிருந்தன. மூன்று மாத வேலையையும் குப்பையில் போட்டோம். அன்றிலிருந்து செல் இல்லாத குழி ஒன்று என் தட்டில் இல்லாமல் இருந்ததில்லை. இன்று வெளியாகும் கட்டுரைகளில் அந்த ஒப்பீடு செய்ததாக ஒரு வரியும் இல்லாதபோது எனக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அந்த வரைபடத்தை நம்பி யாராவது மருந்தை நிறுத்தக்கூடும்.

தாவரப் பொருள்கள் ஏமாற்றுவது இந்தச் சாயச் சோதனையை மட்டுமல்ல. பல தாவரப் பொருள்கள் எந்தச் சோதனையில் போட்டாலும் ‘வேலை செய்கிறது’ என்று காட்டும். சில தானாக ஒளிரும், சில உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும், சில கொத்தாகத் திரண்டு எந்த நொதி எதிரே வந்தாலும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். மஞ்சளில் உள்ள குர்குமின் இதில் பேர்போனது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நோய். 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் அந்த ஆய்வுகளை மொத்தமாக அலசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். 120-க்கும் மேற்பட்ட மனிதச் சோதனைகள் நடந்த பிறகும், பிளாசிபோ என்ற வெற்று மருந்தோடு ஒப்பிட்டு, யாருக்கு எது கிடைக்கிறது என்று நோயாளி, மருத்துவர் இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய சோதனை ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் முடிவு. உடலில் உள்ள கார அமில நிலையில் அது சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்குகிறது. ஒரு சோதனையில் நாளுக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்தும் ரத்தத்தில் அதன் செறிவு 2 மைக்ரோமோலார் என்ற மிகச் சிறிய அளவுக்குக் கீழேதான் இருந்தது. தட்டில் செல்களைக் கொல்ல அதைப்போல் பல மடங்கு போடுகிறோம். புற்றுநோய் செல்லைக் கொன்றது என்ற செய்தி வந்தால், அந்த அளவு குடல், கல்லீரல் எல்லாம் தாண்டி ரத்தத்தில் போய்ச் சேருமா என்று பாருங்கள். சேராது என்றால் அந்த முடிவு தட்டோடு முடிந்தது. சாராயத்தை ஊற்றினாலும் தட்டில் புற்றுநோய் செல் சாகும்.

இந்தத் தடைகளையெல்லாம் தாண்டும் சாரத்தை வேதியியலாளர்கள் பிரிக்கத் தொடங்குவார்கள். சாரத்தை நாலைந்து பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் குணம் நிற்கிறது என்று பார்த்து, அதை மறுபடி பிரித்து, மறுபடி சோதித்து, கடைசியில் ஒரே ஒரு வேதிப்பொருளில் போய் நிற்பது. சில நேரம் பிரிக்கப் பிரிக்கக் குணம் காணாமல் போய்விடும். பல பொருள்கள் சேர்ந்தால்தான் வேலை செய்கின்றன என்று அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. அப்படி இருக்கவும் செய்யலாம். ஆனால் அதையும் தனியே சோதித்துக் காட்ட வேண்டும், முடிவு வராதபோது சொல்லிக்கொள்ளும் சமாதானமாக அது ஆகிவிடக் கூடாது.

அப்புறம் விலங்குகள். இங்கே அளவுதான் பெரிய விஷயம். எலிக்கு உடல் எடை கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாரம் கொடுத்தோம் என்று கட்டுரைகளில் சாதாரணமாக எழுதுவார்கள். எலி அளவை மனித அளவாக மாற்ற 6.2-ஆல் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 3.9 கிராம் சாரம். நூறு கிராம் உலர்ந்த இலையில் பத்து கிராம் சாரம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், தினமும் சுமார் 39 கிராம் உலர்ந்த இலை. ஒரு தேக்கரண்டி பொடிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

எலிக்கு வரவழைக்கும் நோயும் மனித நோயும் ஒன்றா என்பதையும் பார்க்க வேண்டும். கல்லீரலைக் காக்கும் மூலிகை என்று பெயர் வாங்கியவை பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நஞ்சை வைத்துச் சோதிக்கப்பட்டவை. சாரத்தைச் சில நாள் கொடுத்துவிட்டு, பிறகு நஞ்சைக் கொடுத்து, கல்லீரல் எவ்வளவு கெட்டது என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். ஆனால் அந்த நஞ்சு தானாக ஒன்றும் செய்யாது, கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை உடைத்த பிறகுதான் அழிவு வேலையே தொடங்கும். சாரம் அந்த நொதியை முடக்கினாலே போதும், கல்லீரல் தப்பித்ததாக முடிவு வரும். வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கீழாநெல்லி கல்லீரலைக் காக்கும் என்று வரும் எலி ஆய்வுகளில் நிறைய இந்த வகைதான். உங்கள் அண்ணனுக்கு இருப்பது வைரஸ்.

இப்படிச் சொல்வதால் விலங்கு ஆய்வே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நித்தியகல்யாணியைப் பாருங்கள். சர்க்கரை நோய்க்கு அந்த இலைத் தேநீரைக் குடிக்கும் வழக்கம் ஜமைக்காவில் இருந்தது. 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபலும் சார்லஸ் பியரும் அதை எலியில் சோதித்தார்கள். வாய்வழி கொடுத்தபோது ரத்தச் சர்க்கரையில் எந்த மாற்றமும் இல்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் சில நாளில் தொற்று வந்து இறந்தன. ஏன் தொற்று என்று துருவிப் பார்த்ததில், வெள்ளை அணுக்கள் குறைந்து போயிருந்தது தெரிந்தது. வெள்ளை அணுவைக் குறைக்கும் பொருள் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்படுமே என்று அந்த வழியில் போய், 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தை அறிவித்தார்கள். செத்த எலியைத் தூக்கி எறியாமல் அறுத்துப் பார்த்த இரண்டு பேரால் எத்தனையோ நோயாளிகள் பிழைத்தார்கள்.

எலியிலிருந்து மனிதருக்குப் போவதுதான் எப்போதும் வரிசை என்பதும் இல்லை. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931-இலேயே கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் நோயாளிகளில் பார்த்து எழுதினார்கள். 1949-இல் ருஸ்தம் ஜால் வகீல் அந்த அனுபவத்தைப் பிரிட்டிஷ் இதய நோய் இதழில் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் அதிலிருந்து ரிசர்பைன் என்ற மருந்துப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. நீண்ட காலம் மனிதர்கள் பயன்படுத்திய மூலிகைக்கு இந்தத் தலைகீழ் வழிதான் பொருத்தம் என்பது என் கருத்து, பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் முன்னறிவு இருப்பதால்.

கொஞ்சம் என்று சொன்னேன், அது முக்கியம். 1990-களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். ஸ்டெஃபானியா என்ற மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா வகைச் செடி ஒன்று அதில் கலந்துவிட்டிருந்தது, பெயர்க் குழப்பம்தான் காரணம். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். ஆடுதின்னாப்பாளையும் ஈசுவரமூலியும் அதே பேரினச் செடிகள்தான். இப்போது இதை யோசியுங்கள்: மூலிகை ஆய்வுகளில் வழக்கமாகச் செய்யும் நச்சுச் சோதனை, எலிக்கு ஒரே தடவை கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கொடுத்து 14 நாள் கவனிப்பது. எலி சாகவில்லை என்றால் ‘பாதுகாப்பானது’ என்று எழுதிவிடுவார்கள். வருடக்கணக்கில் மெல்லச் சேரும் சேதம் 14 நாளில் எப்படித் தெரியும்? காலம் காலமாகப் பயன்படுத்துகிறோம் என்ற வாதமும் இந்த இடத்தில் உதவாது. சாப்பிட்ட அன்றே வாந்தி வந்தால் அனுபவத்தில் தெரிந்துகொள்ளலாம், இருபது வருடம் கழித்து வரும் புற்றுநோயை அன்று குடித்த கஷாயத்தோடு யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

இனி கீழாநெல்லிக்கு வருகிறேன். ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பெர்கும், அவரோடு வேலை செய்த வெங்கடேஸ்வரன், மில்மன் இருவரும் 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோதனைக் குழாயில் சாரம் வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதியைத் தடுத்தது, வைரஸின் மேற்பரப்புப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டது. உட்சக் என்ற விலங்குக்கு இதே குடும்பத்து வைரஸ் ஒன்று தொற்றும். புதிதாகத் தொற்றிய நான்கு உட்சக்குகளுக்குச் சாரத்தை வயிற்றறைக்குள் ஊசியாகப் போட்டதில் மூன்றில் வைரஸ் மறைந்தது. வாய்வழி கொடுக்கவில்லை, ஊசி என்பதைக் கவனியுங்கள். அந்தக் கட்டுரையில் செடியின் பெயர் நிரூரி.

மறுவருடம், 1988-இல், சென்னையில் தியாகராஜன் குழுவினர் பிளம்பெர்கோடு சேர்ந்து செய்த மனிதச் சோதனை லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதில் செடியின் பெயர் அமாரஸ். முப்பது நாள் பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் மேற்பரப்பு ஆன்டிஜென் (அதாவது வைரஸின் அந்த மேற்பரப்புப் புரதம்) மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். வைரஸை நீண்ட காலம் சுமப்பவர்களில் தானாக அது மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான். இன்றைய நல்ல மாத்திரைகள்கூட வைரஸை அடக்குகின்றனவே தவிர, ஆன்டிஜெனை அபூர்வமாகத்தான் போக்குகின்றன. அப்படியிருக்க ஒரு மாதத்தில் நூற்றுக்கு 59 என்றால் எவ்வளவு பெரிய செய்தி! உங்கள் உறவினர்கள் சொல்வது இதைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர்கள் சொல்வதில்லை. பல நாடுகளில் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 1990-இல் தாய்லாந்தில் செய்த சோதனையில் பலன் இல்லை, அதுவும் லான்செட்டிலேயே வந்தது. 1994-இல் நியூசிலாந்திலும் பலன் இல்லை. 2011-இல் இந்தச் செடி வகையில் நடந்த மனிதச் சோதனைகளை எல்லாம் சேர்த்து ஆராய்ந்த, மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் ஆய்வு, வெற்று மருந்தைவிட இது மேல் என்று சொல்ல நம்பத்தக்க சான்று இல்லை என்றது. முதல் சோதனையில் மட்டும் ஏன் அப்படி வந்தது என்பதற்குப் பல காரணம் சொல்லப்படுகிறது. ஆள் எண்ணிக்கை சிறியது, எழுதியவர்களே அதைப் பூர்வாங்க ஆய்வு என்றுதான் சொல்லியிருந்தார்கள். செடி வளர்ந்த இடம், பறித்த பருவம், தயாரித்த விதம் வேறாக இருந்திருக்கலாம். எது காரணமாக இருந்தாலும், வேறு கைகளில் வேறு இடத்தில் திரும்ப வராத ஒரு முடிவை நம்பிச் சிகிச்சையை மாற்ற முடியாது. இதில் யாரும் ஏமாற்றவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோதனைக் குழாய், விலங்கு, மனிதர் என்று முறையாகத்தான் போனார்கள், வெளிப்படையாக எழுதினார்கள், அதனால்தான் மற்றவர்களால் சரிபார்க்கவும் முடிந்தது.

அப்படியானால் மஞ்சள் காமாலைக்கு இத்தனை காலமாகக் கீழாநெல்லி பலன் தருகிறதே என்று கேட்பீர்கள். நோயின் இயல்பைப் பார்க்க வேண்டும். ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை சில வாரங்களில் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும், உடலில் தங்காது. பெரியவர்களுக்குப் புதிதாகத் தொற்றும் ஹெபடைடிஸ் பி-கூட நூற்றில் 95 பேருக்கு மேல் தானாகவே நீங்கிவிடும். அந்த வாரங்களில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்துக் குழு ஏன் வேண்டும் என்பதற்கு இந்த நோயைவிடத் தெளிவான காரணம் கிடையாது. உங்கள் அண்ணனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டது என்றால், அது தானாகப் போகும் கட்டத்தைத் தாண்டிவிட்டது.

அண்ணன் ஏற்கனவே கீழாநெல்லி சாப்பிடுகிறார் என்றால், திட்டுவாரோ என்று பயந்து மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மூலிகைகள் மருந்தோடு மோதக்கூடும். செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகை இன்டினாவிர் என்ற எச்ஐவி மருந்தின் அளவை ரத்தத்தில் பாதிக்கும் கீழே இறக்கியதை 2000-இல் கண்டுபிடித்தார்கள், அதுவும் மனச்சோர்வுக்குப் பலரும் சாதாரணமாகச் சாப்பிட்டுவந்த மூலிகைதான். மருந்து வேலை செய்கிறதா என்பதை ரத்தத்தில் வைரஸ் டிஎன்ஏ அளவும், கல்லீரல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி நொதி அளவும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், உடம்பு தெம்பாக இருக்கிறதே என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த வைரஸ் வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் காட்டாமல் கல்லீரலைச் சுருக்கக்கூடும்.

அப்புறம் நீங்கள், அண்ணி, பிள்ளைகள், அண்ணனோடு ஒரே வீட்டில் இருக்கும் எல்லாரும் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தொற்று இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி-க்கு முதல் தடுப்பூசியை உருவாக்கும் வழியைக் கண்டுபிடித்தவர்கள், கீழாநெல்லியைச் சோதித்த அதே பிளம்பெர்கும் மில்மனும்தான்.